புதுப்பிப்பு: இரண்டு வியூ மாடல், ஒரே பொருள்

போன வாரம் நான் கேட்டது இதுதான்: டபிள்யூபிஎஃப்-இல் (விண்டோஸ் திரைகள் அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் கட்டமைப்பு) எழுதிய பில்லிங் மென்பொருளில் பட்டியல் திரையும் திருத்தும் திரையும் ஒரே பொருளுக்குத் தனித்தனி நகல் வைத்திருந்தன. இங்கே விலையை 45 ஆக்கினாலும் அங்கே 40 என்றே நின்றது. ‘மாறிவிட்டது’ என்று ஒன்றுக்கொன்று ஈவென்ட் அனுப்பிப் பார்த்ததில் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே சுற்றின.

இப்போது சரியாகிவிட்டது. நகல்களையே தூக்கிவிட்டேன். இரண்டு வியூ மாடலும் (திரைக்கும் தரவுக்கும் நடுவில் நிற்கும் கிளாஸ்கள்) ஒரே ஆப்ஜெக்டைப் பிடித்திருக்கின்றன. மாற்ற அறிவிப்பும் அதிலிருந்தே வருகிறது. அறிவிப்புக்கான கோடை எழுதித்தரும் கம்யூனிட்டி டூல்கிட் நூலகத்தில் விலை, அளவு இரண்டின் தலையிலும் ‘நோட்டிஃபை ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு ஃபார்’ போட்டு, இவை மாறினால் மொத்தத்துக்கும் அறிவிப்பு போகும்படி குறித்தேன். விலையை மாற்றிவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்ததும் மொத்தமும் மாறுகிறது. பார்க்கவே நிம்மதி!

‘ரத்து’ பொத்தான்தான் கொஞ்சம் படுத்தியது. நகல் இல்லாததால் பழைய விலைக்குத் திரும்ப வழியில்லை. திருத்தம் தொடங்கும்போதே பழைய மதிப்புகளை ஆப்ஜெக்டே எடுத்து வைத்துக்கொள்ளும்படி ‘ஐஎடிட்டபிள் ஆப்ஜெக்ட்’ என்ற இன்டர்ஃபேஸைச் சேர்த்தேன். ரத்து செய்தால் அவற்றை ப்ராப்பர்ட்டி வழியாகவே திரும்பப் போடுங்கள். நேரடியாக ஃபீல்டில் (ப்ராப்பர்ட்டிக்குப் பின்னால் மதிப்பு இருக்கும் இடம்) போட்டால் அறிவிப்பு போகாது, திரையில் புது விலையே நிற்கும். எனக்கு அரை நாள் அதில்தான் போனது.

அப்புறம், பின்னணி த்ரெட்டிலிருந்து பட்டியலில் சேர்ப்பவர்கள் ‘எனேபிள் கலெக்‌ஷன் சிங்க்ரனைசேஷன்’ அழைப்பைத் திரையை இயக்கும் யூஐ த்ரெட்டிலேயே செய்துவிடுங்கள். சேர்க்கும் இடத்திலும், அந்த அழைப்பில் கொடுத்த அதே லாக்கைப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொட விடும் பூட்டு) பிடிக்க வேண்டும்.