தலை தொங்குகிறது, பொட்டாசியம் 2.6: பூனைக்கு அட்ரினல் கட்டியா?

குடியாத்தம்_கிளினிக்:
13 வயது கடுவன் பூனை, 4 கிலோ. தாடை நெஞ்சில் ஒட்டுகிற மாதிரி தலை தொங்குகிறது, நடக்கும்போது பின்னங்குதிகால் தரையில் படுகிறது. கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9. கிட்னி என்று நினைத்து டிரிப் போட்டோம், பொட்டாசியம் ஏறவே இல்லை. நேற்றிலிருந்து சுவரில் முட்டுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

காட்பாடி_வெட்:
ரத்த அழுத்தத்திலிருந்து, இன்றைக்கே. பூனையை அமைதியான அறையில் 10 நிமிடம் விடுங்கள். காலில் சுற்றும் கஃப் (அழுத்தப் பட்டை) அகலம் அந்தக் காலின் சுற்றளவில் 30-40 சதவீதம் இருக்கணும். சின்னதாக இருந்தால் அழுத்தம் பொய்யாக ஏறிக் காட்டும். முதல் அளவைத் தள்ளிவிட்டு அடுத்த 5 அளவின் சராசரி எடுங்கள். 160 தாண்டினால் அழுத்தத்தை இறக்கும் அம்லோடிபின் 0.625 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. 200க்கு மேல் என்றால் 1.25. ஐந்து மி.கி. மாத்திரையை எட்டாக உடைக்காதீர்கள், அளவு சரியாக வராது. டார்ச் அடித்தும் கண்மணி விரிந்தே நின்றால் விழித்திரை கழன்றிருக்கலாம்.

சலைன் டிரிப்பை நிறுத்துங்கள். கிட்னி பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்றால் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும்; அது சோடியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது; சோடியம் கொட்டக் கொட்ட இழப்பும் கூடும், அழுத்தமும் கூடும். பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லியில் 20 மில்லிமோல் இருக்கும். 1.5 மில்லி, காலை மாலை, சோற்றோடு கலந்து. வெறும் வயிற்றில் வாந்திதான்.

ராணிப்பேட்டை_டாக்டர்:
ஒன்று சேர்க்கிறேன் சார். அல்டோஸ்டிரோன் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் (கிலோவுக்கு 2 மி.கி., இரு வேளை) தொடங்குமுன் அல்டோஸ்டிரோனுக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள், அந்த மருந்தே அளவை ஏற்றிவிடும். பொட்டாசியம் இவ்வளவு குறைந்தால் அல்டோஸ்டிரோனும் அடங்கியிருக்க வேண்டும். அப்போதும் உயர்ந்திருந்தால் சுரப்பிதான் காரணம். நம்ம வெயிலில் ரத்த மாதிரி தாங்காது, பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து ஐஸ் பெட்டியில் அனுப்பணும். டி4 (தைராய்டு ஹார்மோன்) பார்த்துவிடுங்கள், தைராய்டும் அழுத்தத்தை ஏற்றும்.

ஸ்கேனை வேலூரிலேயே எடுக்கலாம், ஆனால் பூனை அட்ரினலைத் தேடிப் பழகிய கை வேண்டும். தடிமன் 1 செ.மீ. தாண்டினால் கட்டி என்றே பாருங்கள். பின்புறப் பெருஞ்சிரைக்குள் கட்டி நுழைந்திருக்கிறதா என்பதுதான் அறுவையை முடிவு செய்யும். இரு பக்கமும் சுரப்பி வீங்கியிருந்தால் கத்தி வேண்டாம், மருந்து போதும். ஒரு பக்கம் என்றால் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். பொட்டாசியம் 3.5 தாண்டி, அழுத்தம் இறங்கி, ரத்த வகை பார்த்து வைத்த பிறகே அறுவை மேசை. பெருஞ்சிரை கிழிந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போய்விடும்.

குடியாத்தம்_கிளினிக்:
அழுத்தம் 210, இடது விழித்திரை கழன்றிருக்கு. அல்டோஸ்டிரோனுக்கு ரத்தம் எடுத்தாச்சு, அம்லோடிபின் 1.25 கொடுத்தாச்சு. பொட்டாசியத்தை எப்போது திரும்பப் பார்க்கட்டும்?

காட்பாடி_வெட்:
மூன்றாம் நாள். சிரப்பும் ஸ்பைரோனோலாக்டோனும் சேரும்போது பொட்டாசியம் எதிர்ப்பக்கம் ஏறிவிடலாம், கிட்னி வேறு சுமாராக இருக்கு. 5.5 தொட்டால் முதலில் சிரப்பை நிறுத்துங்கள்.