இரவுக் காப்புநகலுக்கு மறையாக்கம்: ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லா, பொதுச்சாவியா?

வடகரையான்:
எங்கள் அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் சர்வர், சில விண்டோஸ் கணினிகள், கணக்காளரிடம் ஒரு மேக். இரவில் காப்புநகலை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுமுன் கோப்புகளை மறையாக்க வேண்டும். மூன்றிலும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரல் ஓடும். ஒரே கட்டளை, ஒரே கடவுச்சொல். இதைவிட எளிய வழி இல்லை என்பேன்.

முகிலி:
கடுமையாக மறுக்கிறேன். ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்குக் கடவுச்சொல் எங்கிருந்து வரும்? உள்ளே எழுதிவைத்தால் ஸ்கிரிப்டைத் திறப்பவர் எல்லாரும் படிக்கலாம். கட்டளை வரியில் கொடுத்தால், லினக்ஸில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை போடும் இன்னொரு பயனர் கண்ணிலும் படலாம். சர்வருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், இதுவரை ஏற்றிய அத்தனை நகலும் அவன் கையில். பொதுச்சாவியால் பூட்டுங்கள்; அதனால் பூட்ட மட்டுமே முடியும், திறக்க அதன் இணையான தனிச்சாவி வேண்டும். அதற்கு ஜிபிஜி, ஏஜ் என்னும் நிரல்கள் இருக்கின்றன. பூட்டும் கணினியில் ரகசியம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

வடகரையான்:
ஜிபிஜியை எளிது என்று சொல்லாதீர்கள். 2014இல் 2.1 பதிப்பு வந்தபின், கடவுச்சொல்லை வேறு நிரலிடமிருந்து குழாய்வழி வாங்கிய பழைய ஸ்கிரிப்டுகள், கடவுச்சொல்லைத் திரையில் கேட்காமல் அப்படியே ஏற்கச் சொல்லும் லூப்பேக் விருப்பத்தைச் சேர்க்கும்வரை ஓட மறுத்தன. பொதுச்சாவியிலும், நம்பகம் குறிக்கப்படாத சாவி என்றால் உறுதி கேட்டு நிற்கும். இரவு 2 மணிக்கு யார் பதில் சொல்வது? கடவுச்சொல்லைத் தனிக்கோப்பில் வைத்து, ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்தால் போதும்.

முகிலி:
ஏஜ் அப்படிக் கேட்பதில்லை. பெறுநரின் பொதுச்சாவி ஒரு வரி, அவ்வளவுதான். ‘ஒரே கட்டளை’ என்கிறீர்களே, ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0இல் கடவுச்சொல்லிலிருந்து சாவி உண்டாக்கும் இயல்புமுறை, எம்டி5 என்னும் கணிப்புமுறையிலிருந்து ஷா-256 என்பதற்கு மாறியது. பழையதில் பூட்டியதைப் புதியதில் திறந்தால், எம்டி5 என்று குறிப்பிடாதவரை சரியான கடவுச்சொல்லும் பலிக்காது. மேக்கோடு வருவது ஓபன்எஸ்எஸ்எல்லே அல்ல, அதிலிருந்து பிரிந்த லிப்ரெஎஸ்எஸ்எல். நடுவில் யாரேனும் சில பைட்டுகளை மாற்றினாலும் உங்கள் அந்தக் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆழிவேல்:
விண்டோஸை இருவருமே விட்டுவிட்டீர்கள். அதன் கட்டளைச் சாளரமான பவர்ஷெல் 5.1இல் வெளியீட்டை அம்புக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பினால், அது பைட்டுகளை எழுத்தாக எண்ணி மாற்றி எழுதிவிடும். கோப்பு இருக்கும், திறக்காது. 7.4இல்தான் இது சரியானது. வெளியீட்டுக் கோப்பின் பெயரை நிரலிடமே கொடுங்கள்.

முகிலிக்கும் ஒன்று. ஏஜ் கோப்பை யார் பூட்டினார் என்று தெரியாது. பொதுச்சாவி தெரிந்த எவரும் போலி நகல் ஒன்றை உண்டாக்கலாம். ஆகவே சேமிப்பகத்தில் பழைய நகலை அழிக்கவோ மாற்றவோ சர்வருக்கு உரிமை தரக்கூடாது.

வடகரையான்:
என் அச்சம் வேறு. தனிச்சாவி வைத்திருப்பவர் வேலையை விட்டுப் போனால்? கடவுச்சொல் என்றால் முதலாளியின் பெட்டகத்தில் எழுதி வைக்கலாம்.

முகிலி:
ஏஜின் தனிச்சாவியும் ஒரு வரிதான். அச்சிட்டு அதே பெட்டகத்தில் வையுங்கள். ஒரே கோப்பை இருவர் பொதுச்சாவிக்கும் சேர்த்துப் பூட்டலாம். எவர் சாவியும் திறக்கும்.

வடகரையான்:
இருவர் சாவி என்றால் சம்மதம். ஆனால் பழைய நகல்கள் நிறையக் கிடக்கின்றன. அவை இருக்கும்வரை கடவுச்சொல்லைக் கைவிட முடியாது.

முகிலி:
கைவிட வேண்டாம். சர்வரிலிருந்து மட்டும் கடவுச்சொல்லை இன்றே அழித்துவிடுங்கள். பழையவற்றைத் திறக்க அது பெட்டகத்தில் இருந்தால் போதும்.