மெட்டாடேட்டாவுக்கு ஒரு சொல், சனிக்கிழமைக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

தாராவியில் ஞாயிறுதோறும் கிம்ப் மென்பொருளில் படத்திருத்தம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி, தான் தைத்த பையை வீட்டு வாசலில் வைத்து எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள், விற்பனைக்குப் போட. திறந்து பார்த்தால் போன் மாடல், நேரம், ஷட்டர் வேகத்தோடு அவள் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கோப்புக்குள் இருந்தன. பயந்துவிட்டாள். படத்தோடு கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தகவல்தான் மெட்டாடேட்டா. பிள்ளைகள் இதை 'போட்டோவோட ஜான்காரி' என்கிறார்கள்; ஜான்காரி என்றால் இந்தியில் தகவல். கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மீதரவு', அதாவது தரவுக்கு மேல் நிற்கும் தரவு, என்று போடலாமா?

— தாராவி

தம்பி, மீதரவா, மீத்தரவா? மீ என்பதன் முன் வல்லினம் இயல்பாகவும் வரலாம், வலியோ மெலியோ மிகவும் செய்யலாம் என்பது நன்னூல். மீகண், மீக்கோள், மீந்தோல் மூன்றும் சரி. அப்படியானால் 'மீந்தரவு'ம் பிழையில்லை. ஆனாலும் ஓசைக்கு மீத்தரவுதான் நிற்கும். தரவு என்பதே தா அடியாகப் பிறந்த சொல். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். தாழிசைக்கு முன் வந்து பொருளைத் தொடங்கித் தருவது அது.

— மாட்டுங்கா

ஐயா, த் பிறகு பார்க்கலாம். மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) என்று மீ-யை 'மிகுந்த' என்ற பொருளில் பழக்கிவிட்டோம். மீதரவு என்றால் ஏதோ பெரிய தரவு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். என் பேத்தி 'மீதித் தரவா பாட்டி?' என்று கேட்டாள். 'படக்குறிப்பு' போதாதா?

— செம்பூர்

போதாது அம்மா. படத்துக்குக் கீழே எழுதும் வரிதான் படக்குறிப்பு. அது ஐபிடிசி பகுதிக்குள் ஒரு புலம் மட்டுமே. பத்திரிகைத் துறைக்காக வந்த அந்தப் பகுதியை நாம் நிரப்ப வேண்டும். 1995-இல் ஜப்பானில் வந்த எக்ஸிஃப் பகுதியைக் கேமராவே எழுதிவிடும். 2001-இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி வேறு இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும்.

— தாராவி

மெட்டாடேட்டா என்றே விடுங்கள். நாளைக்கு அந்தப் பெண் தாதரில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குப் போனால் மீத்தரவு என்றா கேட்பார்கள்? புரியாத தூய்மை யாருக்கு?

— டோம்பிவிலி

நம்மிடம் இந்தப் பொருள் பல நூற்றாண்டுகளாக இருக்கும்போது சொல் மட்டும் ஏன் கடன்? புறநானூற்றுப் பாட்டின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று இருக்கிறதே, அது என்ன? அது தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குறுந்தொகை 40 சாட்சி. எழுதியவர் பெயர் போய்விட்டது. 'செம்புலப் பெயல்நீர்' என்ற தொடரை வைத்துச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். ஆகவே 'கொளு' என்கிறேன்.

— செம்பூர்

உவமை அருமை, சொல் பொருந்தாது. புறப்பொருள் இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் கொளு வெண்பாவுக்கு முன்னே நின்று துறையின் கருத்தைச் சொல்வது. பாடியவர் பெயர் அதில் வராது.

— மாட்டுங்கா

நேற்று வகுப்பு முடிந்தது. ஒரு முடிவுக்கு நாம் வராததால் நான் முதலில் கேட்ட 'மீதரவு' என்றே அச்சிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் மெட்டாடேட்டா என்றும் சேர்த்தேன். திருத்தும் சாளரத்தில் ஜிபிஎஸ் புலங்களை அழித்து, ஏற்றுமதி செய்து, மறுபடி திறந்து காட்டினேன். இடம் போயிருந்தது. அந்த மாணவி, "சார், என் பேரை மட்டும் உள்ளே வைக்கலாமா?" என்று கேட்டாள். ஆசிரியர் புலத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டாள். செம்பூர் அம்மா சொன்ன செம்புலப் பெயனீராரைத்தான் அப்போது அவளுக்குச் சொன்னேன்.

— தாராவி

மகிழ்ச்சி தம்பி. அடுத்த பதிப்பில் த் போட்டுவிடுங்கள்.

— மாட்டுங்கா

அடுத்த பதிப்புக்கு முன் மீ-யையே பேசிவிடலாம். எனக்கு இன்னும் சம்மதமில்லை.

— செம்பூர்