‘பெரிய வீடு’ குழுவில் ஒரு ஒன்லைன் பஞ்சாயத்து

ஞாயிறு, காலை 9.40

தம்பி (சென்னை): எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி. நாளை ஒரு தயாரிப்பாளரைப் பார்க்கப் போகிறோம். முழுக் கதை கேட்க அவருக்கு நேரம் இல்லையாம். கதையை ஒரே வரியில், அதாவது ஒன்லைனாகச் சொல்லுங்கள், பிடித்தால் உட்காருகிறேன் என்றாராம். அறையில் நாங்கள் மூன்று பேர் எழுதியதில் ஐந்து அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் தியேட்டர், ஓடிடி, வேண்டாம் என்று ஏதாவது ஒன்று போடுங்கள்.

முதுநகர் மாமா: ஹீரோ யார்?

தம்பி (சென்னை): சொல்ல மாட்டேன் மாமா. பெயரைச் சொன்னால் பெயருக்குத்தான் மார்க் விழும்.

முதுநகர் மாமா: என்னப்பா இது, பெண் முகத்தையே காட்டாமல் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாய்.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஜாதகம் அப்படித்தான் முதலில் வரும். பொருந்தினால் அப்புறம் முகம். நீ அனுப்புப்பா.

தம்பி (சென்னை):
1. ஓய்வு பெறும் நாளில் ஒரு தபால்காரர், 22 வருடமாகக் கொடுக்காமல் வைத்திருந்த ஒரே கடிதத்தைக் கொடுக்கக் கிளம்புகிறார். கடிதத்துக்கு உரியவர் இப்போது அவருடைய சம்பந்தி அம்மா.
2. ஊரே நடுங்கும் தாதாவை ஒரு சாதாரண இளைஞன் எதிர்க்கிறான். ஆனால் அவன் சாதாரணமானவன் இல்லை.
3. தானே புயல் அடித்த இரவில், பாகப் பிரிவினைச் சண்டையால் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் முந்திரித் தோப்பு மோட்டார் கொட்டகையில் மாட்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் பத்திரப் பதிவு.
4. தன்னைத் தொலைத்த ஒருவன் தன்னையே தேடிப் போகும் பயணம்.
5. புதுச்சேரியில் கல்யாணம் முடிந்து கடலூர் கிளம்பும் வேனில் மாப்பிள்ளையின் நண்பர்கள் 40 பாட்டில் ஒளித்து வைக்கிறார்கள். அதே வேனில் வரும் மாமனார் மதுவிலக்குப் பிரிவு ஏட்டு.

முதுநகர் மாமா: 2 தியேட்டர். முதல் நாள் முதல் காட்சி. மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

பாப்பா: மாமா, அந்த ஒரு வரிக்குள் நாற்பது படம் இருக்கிறது.

முதுநகர் மாமா: நாற்பதும் பார்த்திருக்கிறேன் பாப்பா. நாற்பத்தொன்றும் பார்ப்பேன்.

பண்ருட்டி சித்தி: நாலாவது ஆளுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா? இவன் தேடிக்கொண்டே போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

நான்: எனக்கும் அதேதான் சித்தி. தொலைந்தது பர்ஸ் என்றால்கூடக் கொஞ்சம் பதற்றம் வரும். வேண்டாம்.

தம்பி (சென்னை): அது என் அறைத் தோழன் எழுதியது. சித்தி கேட்டதை அவனிடம் சொல்ல மாட்டேன், சாப்பிட மாட்டான்.

பெரியப்பா: முதல் கதைக்கு வருகிறேன். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவன் சொல்கிறேன். கடிதத்தை எடுத்து ஒளித்து வைத்தால் அது பாவம் மட்டும் இல்லை, குற்றம். 2024 வரை அமலில் இருந்த 1898ஆம் வருடத்து அஞ்சல் சட்டத்தில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. ஓய்வு பெறும் சமயத்தில் இலாகா விசாரணை நிலுவையில் இருந்தால் பணிக்கொடையை நிறுத்தி வைப்பார்கள். தற்காலிக ஓய்வூதியத்தோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். 22 வருடம் பொறுத்தவன் ஏன் கடைசி நாளில் போய் மாட்டிக்கொள்கிறான்? மறுநாள் கொடுக்கலாமே. எரித்துவிடலாமே.

தம்பி (சென்னை): பெரியப்பா, இது எங்களுக்குத் தெரியாது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம்.

நான்: கடிதத்தில் என்ன இருந்தாலும் ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்கள். பணிக்கொடை போகும் என்றால் இரண்டு மணி நேரம் உட்காருவேன். மகள் கல்யாணக் கடனை அதை நம்பித்தான் வாங்கியிருப்பார், இல்லையா? கடன் கொடுத்தது சம்பந்தி வீடாகவே இருக்கட்டும்.

பாப்பா: அக்கா, நீங்கள் அடுத்த பஸ்ஸில் சென்னை போய்விடுங்கள்.

காலை 10.25

முதுநகர் மாமா: (குரல் பதிவு, 1 நிமிடம் 12 விநாடி)

நான்: மாமா, கோயிலில் இருக்கிறேன், கேட்க முடியாது. எழுதுங்கள்.

முதுநகர் மாமா: சரி. ஒரு வரியை வைத்துப் படத்தை எடை போட முடியாது என்று சொன்னேன். கொலை செய்யப்பட்டவன் ஈயாகப் பிறந்து பழி வாங்குகிறான். 2012க்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நாமெல்லாம் சிரித்திருப்போம். ‘நான் ஈ’ படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். அதேபோல ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சண்டை. இதையா படம் எடுப்பார்கள் என்பேன். ‘பார்க்கிங்’ படத்துக்கு தேசிய விருது கொடுத்துவிட்டார்கள்.

பாப்பா: மாமா, ஈ கதை நல்ல ஒன்லைன். கேட்டதும் ‘ஈ எப்படி மனிதனைக் கொல்லும்?’ என்று தானாகக் கேள்வி வருகிறது பாருங்கள். பார்க்கிங்கும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் அந்த இடம் வேண்டும், இடம் ஒன்றுதான். உங்கள் இரண்டாவது கதையில் எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அவன் ஜெயிப்பான், அவ்வளவுதானே?

முதுநகர் மாமா: ஜெயிப்பான் என்று தெரிந்துதான் போகிறோம். வேலை நாளெல்லாம் தோற்றுவிட்டு அங்கேயும் தோற்பதைப் பார்க்கவா நூற்றைம்பது ரூபாய்?

நான்: அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தம்பி (சென்னை): அமெரிக்காவில் 2005இல் பிராங்க்ளின் லெனார்ட் என்பவர் இப்படி ஒன்று ஆரம்பித்தார். இந்த வருடம் படித்ததில் பிடித்த, இன்னும் படமாகாத திரைக்கதைகள் எவை என்று சினிமா அலுவலகங்களில் வேலை செய்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தார். பிளாக் லிஸ்ட் என்று பெயர். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ எல்லாம் வெளிவருவதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் இருந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்லைன் போட்டிருப்பார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் முழுத் திரைக்கதையும் படித்தவர்கள். இங்கே நமக்கு வரி மட்டும்தான்.

பெரியப்பா: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை எடுத்துக்கொள். மழையில் நிற்கும் ஒரு கல்லூரிப் பெண், தெரியாதவன் காரில் ஏறுகிறாள். கெட்டுப்போய் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். ஒன்லைன் இவ்வளவுதான். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் அந்த அம்மா மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி வெளியே தெரியாமல் காப்பாற்றுகிறாள். அதே ஆள் அதே வரியை எடுத்து, அம்மா அலறி ஊருக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்ய அகாதமி விருது. 1977இல் பீம்சிங் படமாக எடுத்தார், லட்சுமிக்கு தேசிய விருது. மழை, கார், பெண் எல்லாம் இரண்டிலும் ஒன்று. அம்மா வாயைத் திறந்தாளா மூடினாளா, அதில் கதை வேறாகிவிட்டது. நீ அந்தத் தயாரிப்பாளரிடம் மழையையும் காரையும் மட்டும் சொல்லிவிட்டு வராதே. அம்மா என்ன செய்தாள் என்பது வரை சொல்லிவிட்டு வா.

தம்பி (சென்னை): இதை அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன் பெரியப்பா.

பண்ருட்டி சித்தி: மூன்றாவது யார் எழுதியது?

தம்பி (சென்னை): நான்தான் சித்தி. ஏன்?

பண்ருட்டி சித்தி: தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. அன்றைக்கு எந்தப் பத்திர ஆபீஸ் திறந்தது? ரோடே இல்லை. ரோட்டில் மரம்தான் இருந்தது.

தம்பி (சென்னை): ஐயோ.

பண்ருட்டி சித்தி: இன்னொன்று. விடிந்ததும் தோப்பைப் பார்த்த நாங்கள் யாரும் சண்டை போடவில்லை. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. எந்த மரம் யார் பக்கம் என்று பார்க்க வரப்பே தெரியவில்லை. நம் வீட்டுப் பலா, உன் தாத்தா வைத்தது, பக்கத்துக்காரர் நிலத்தில் படுத்திருந்தது. அவர் வந்து எங்களிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி நின்றார். பலா மறுபடி காய்க்கிற வரைக்கும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் தெரியுமா? அண்ணன் தம்பி பங்கு பிரிக்க நினைத்ததே மரத்தைத்தானே. விடிந்தால் மரம் இல்லை. அப்புறம் எதைப் பிரிப்பார்கள்?

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

தம்பி (சென்னை): இராத்திரி முழுக்க இல்லாத மரத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

நான்: படம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தியேட்டர்.

பாப்பா: தியேட்டர். அம்மாவுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள் அண்ணா.

பண்ருட்டி சித்தி: எனக்கு ஓடிடி. அந்தக் காற்றுச் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கரில் மறுபடி கேட்க முடியாது.

காலை 11.10

முதுநகர் மாமா: ஐந்தாவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நன்றாக இருக்கிறது. தியேட்டர்.

பாப்பா: நான் தினமும் அந்த ரூட்டில்தான் காலேஜ் போகிறேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை, பாலம் தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்ட். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். மீதிப் படத்துக்கு என்ன செய்வீர்கள்?

தம்பி (சென்னை): தவளக்குப்பத்தில் ஜாம்.

பாப்பா: அதை நம்புவேன்.

பண்ருட்டி சித்தி: பயமாக இருந்தால் பாட்டிலை இறக்கி வைத்துவிட்டு வர வேண்டியதுதானே. வழியில் டீ குடிக்க நிற்க மாட்டார்களா?

தம்பி (சென்னை): அங்கேதான் இடிக்கிறது சித்தி. ஒரு வாரமாக யோசிக்கிறோம். தூக்கிப் போட முடியாததற்கு ஒரு காரணம் வேண்டும்.

முதுநகர் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அத்தை, நான் படித்துவிட்டேன்.

பாப்பா: நானும்!

பெரியப்பா: என்ன எழுதினாள்? கண்ணாடி போடுவதற்குள் காணோம்.

பாப்பா: ‘எங்கள் கல்யாணத்தில் சீர்ப் பெட்டிக்குள் வைத்தார்கள், அண்ணன் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வந்தார், யாராலும் எழுப்ப முடியவில்லை.’

பெரியப்பா: எந்தப் பெட்டி?

பெரியப்பா: மாப்பிள்ளை, எந்தப் பெட்டி?

முதுநகர் மாமா: மச்சான், முப்பது வருடம் ஆகிவிட்டது.

பெரியப்பா: செக்போஸ்ட்டில் நான் இறங்கிப் போய் ‘கல்யாண வண்டி சார், ஒன்றும் இல்லை’ என்று சொன்னேனே!

முதுநகர் மாமா: அருமையாகச் சொன்னீர்கள். கதவைக்கூடத் திறக்காமல் அனுப்பினார்கள்.

தம்பி (சென்னை): கிடைத்துவிட்டது. மாமனார் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வலி, எழுந்திருக்க மாட்டார். பெரியப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நாளை இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரியப்பா: சொல். ஆனால் ஏட்டு வேண்டாம், தபால்காரர் என்று வை.

முதுநகர் அத்தை: அண்ணா, மத்தியானம் சாப்பிட வாருங்கள். வஞ்சிரம் வாங்கியிருக்கிறேன்.

பெரியப்பா: வருகிறேன். உன் வீட்டுக்காரனை வீட்டில் இருக்கச் சொல்.

முதுநகர் மாமா: எல்லாம் சரி. இப்போதாவது சொல்லுப்பா, ஐந்தாவதில் மாப்பிள்ளையாக யார் நடிக்கிறார்?

தம்பி (சென்னை): புதுமுகம் மாமா.

முதுநகர் மாமா: அப்படியானால் ஓடிடி.