ஆறு வயது லேப் (லாப்ரடார் நாய்), படுத்தால் எழச் சிரமப்படுகிறான். இது வயதா, நோயா?

வடுவூர்_வாய்க்கால்:
எங்கள் வீட்டில் மணி என்று ஒரு லேப் இருக்கிறான். ஆண், மஞ்சள் நிறம், ஆறு வயது முடிந்துவிட்டது. வாசலுக்கு எதிரே வாய்க்கால். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டால் அவனைக் கரையில் பார்க்க முடியாது. கொஞ்ச நாளாகப் படுத்து எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறது. நாலடி நடந்தால் சரியாகிவிடுகிறது. காதில் ஒரு புளித்த வாடை வேறு, தலையை உதறிக்கொண்டே இருக்கிறான். நெல் போடும் தராசில் நிறுத்தேன், 43 கிலோ.

மூன்று வேளையும் சாப்பாடு. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ராத்திரி அப்பாயி கையால் தயிர்சாதம், அப்புறம் ஒரு கிண்ணம் பால். பக்கத்து வீட்டு மாமா, "லேப் பத்து வயசுக்கு மேல தாங்காது, இதெல்லாம் வயசு வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறிலேயே இப்படி ஆகுமா?

ஒரத்தநாட்டு_சம்பா:
தம்பி, லேப் பொதுவாகப் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை இருக்கும். அதைத் தாண்டுவதும் உண்டு. எங்கள் வீட்டில் முன்பு இருந்தவள் பதின்மூன்று முடித்துத்தான் போனாள். ஆறு வயதில் எழத் தடுமாறுவதை வயதின் மேல் போடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 43 கிலோ. ஆண் லேபுக்கு 29 முதல் 36 கிலோ வரைதான் சரியான எடை. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காராத பரம்பரைக் கோளாறு அதிகம், ஹிப் டிஸ்பிளேசியா என்பார்கள். முன்னங்கால் முழங்கையிலும் அதே மாதிரி வரும். கோளாறு லேசாக இருந்தாலும் மேலே ஏழு கிலோ கூடுதலாக ஏறினால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். எழும்போது தடுமாறி, நடக்க நடக்கச் சரியாவது பெரும்பாலும் தேய்மானத்தின் அடையாளம்.

அமெரிக்காவில் 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவான தீனி, அவ்வளவுதான் வித்தியாசம். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக இருந்தன, மூட்டுவலியும் தள்ளித்தான் வந்தது. லேபுக்கு எந்த டானிக்கும் இதைச் செய்யாது என்பது என் கட்சி.

"பாவம், பசிக்குது" என்று அப்பாயி சொல்வார்கள். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்: ஏறக்குறைய நாலில் ஒரு லேபுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. தின்று முடித்த கையோடு மறுபடி தட்டைப் பார்ப்பான். அந்தப் பார்வையை நம்பிச் சோறு போட்டால் முடிவே கிடையாது.

பாலையும் ராத்திரிச் சாதத்தையும் முதலில் நிறுத்துங்கள். இரண்டு வேளை போதும். சோற்றைப் பாதியாக்கி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, பீன்ஸ், பரங்கிக்காய் சேருங்கள். சாம்பார் வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரேயடியாகப் பட்டினி போடாமல், நாலைந்து மாதத்தில் 36-க்குக் கொண்டுவரலாம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

வாய்க்காலை நிறுத்தாதீர்கள். நீச்சல் மூட்டுக்கு நல்லது. வழுக்கும் கரையில் தாவி ஏறுவதுதான் கெடுதல், படித்துறை பக்கமாக ஏற்றுங்கள். காது வாடைக்கும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். தொங்கு காதுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். குளித்து வந்ததும் துணியால் ஒற்றி எடுங்கள். செவிப்பறை சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்காமல் சொட்டு மருந்து விட வேண்டாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கூட்டி வந்து இடுப்புக்கு எக்ஸ்ரே கேளுங்கள்.

முக்கியமானது ஒன்று: வீட்டில் கிடக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையை வலிக்கென்று கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகமும் போகும்.

குடந்தை_வெற்றிலை:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் நம் பக்கம் லேபை அல்பாயுசில் கொண்டுபோவது மூட்டு இல்லை. ஒன்று உண்ணிக் காய்ச்சல்: சோர்வு, சாப்பிடாமை, சில சமயம் மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) குறைந்திருக்கும். சீக்கிரம் பார்த்தால் மாத்திரையிலேயே சரியாகும். இரண்டாவது எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், இவன் அதைத்தான் குடிப்பான். கண் மஞ்சளானால் உடனே ஓடுங்கள், வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். வருடாந்திரத் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். அப்புறம் வரப்பில் எலி மருந்து வைக்கும் நாட்களில் கட்டிப் போடுங்கள். லேப் எதையும் மோந்து பார்த்துவிட்டு விடுகிற ஜாதி இல்லை.

திருத்துறைப்பூண்டியான்:
இதுக்குத்தான் கோம்பை, சிப்பிப்பாறை வளர்க்கச் சொல்வது. கத்திரி வெயிலில் லேபுக்கு ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஒரத்தநாட்டு_சம்பா:
வெயில் விஷயம் நியாயம்தான். ஆனால் ஆறு வருடம் வளர்த்தவனைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறீர்களா? வெயில் ஏறுமுன் நடக்க வைத்தால் போதும். சூட்டுக்கு முடியை மட்டும் மழித்துவிட வேண்டாம்.

வடுவூர்_வாய்க்கால்:
எல்லோருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன், ஊசி போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடச் சொல்றவன் எவன்டா" என்று கேட்டது. சாம்பாரையும் ராத்திரிச் சாதத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டது, பால் விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில். திங்கட்கிழமை வருகிறோம். வெறும் வயிற்றில் கூட்டி வரணுமா?

ஒரத்தநாட்டு_சம்பா:
ஆமாம், இடுப்பை நீட்டிப் படம் எடுக்க மயக்க ஊசி போடுவார்கள். காலைச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். ஊசி பாக்கியையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வண்டியில் குதித்து ஏற விடாமல் இரண்டு பேராகத் தூக்கி வையுங்கள். 43 கிலோவை ஒருத்தராகத் தூக்கினால் அடுத்த எக்ஸ்ரே உங்களுக்குத்தான்.