கேத்தோடு பூச்சு செதில் செதிலாக உரிகிறது, யாராவது சொல்லுங்களேன்

கடலோரக் குருவி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மாஸ்டர்ஸ் செய்கிறேன், தலைப்பு திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் (எரிபொருளைக் கொளுத்தாமல் நேராக மின்சாரமாக்கும் பெட்டி, உள்ளே எல்லாம் சுட்ட பீங்கான் மாதிரி). ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் யிட்ரியா கலந்த சிர்கோனியா பெல்லட் (வில்லை) மேல், கேத்தோடாக, அதாவது காற்றுப் பக்க மின்முனையாக, எல்எஸ்சிஎஃப் பசையைப் பூசி (லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு நாலும் சேர்ந்த ஆக்சைடு, நானே அரைத்துச் செய்தது) 1200 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டேன். ஆறவிட்டு எடுத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, விரல் பட்டால் உதிர்கிறது. தப்பித்தவறி ஒட்டிக்கொண்ட இரண்டு பெல்லட்டை 800 டிகிரியில் அளந்தேன், மின்தடை எங்கேயோ நிற்கிறது. ஒரு தடவை பாதிச் சூட்டில் மின்வெட்டு வேறு. வீட்டில் அப்பாவோ, நம் நாட்டில் பிளாட்டினம் இவ்வளவு கிடக்கும்போது நீ ஏன் மண்ணைச் சுட்டுக்கொண்டிருக்கிறாய் என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

உலைக்காரன்:
தங்கச்சி, 1200-தான் வினை. அந்தச் சூட்டில் உன் ஸ்ட்ரான்சியமும் லாந்தனமும் கீழே இருக்கிற சிர்கோனியாவோடு சேர்ந்து ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட், லாந்தனம் சிர்கோனேட் என்று இரண்டு புதுப் பொருளை நடுவில் உண்டாக்கிவிடும். இரண்டுமே ஆக்சிஜன் அயனியைச் சுலபத்தில் விடாது. உன் மின்தடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கடோலினியம் கலந்த சீரியாவை (சீரியம் ஆக்சைடு) மெல்லிசாக ஒரு அடுக்கு போடு, அதைத் தனியாக முதலில் சுட்டுக்கொள். ஆனால் 1300-க்கு மேல் போனால் சீரியாவே சிர்கோனியாவுக்குள் கரைய ஆரம்பிக்கும், அதுவும் கெடுதல். அப்புறம் கேத்தோடை 1050, 1100-க்குள் முடித்துக்கொள்.

உரிவது வேறு கதை. சிர்கோனியா ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் பத்தரைப் பங்கு நீளும், எல்எஸ்சிஎஃப் பதினைந்துக்கு மேலே. சூட்டில் கைகோத்து நிற்கும் இரண்டும், ஆறும்போது மேலே இருக்கிறது அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், கீழே இருக்கிறது விடாது, பிய்த்துக்கொண்டு வரும். கேத்தோடு பொடியிலேயே பாதி எடைக்கு அதே சீரியாவைக் கலந்து பார், நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். பூச்சையும் மெல்லிசாக்கு. ஆற்றுவது நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். மின்வெட்டில் மாட்டிய பெல்லட்டைத் தூக்கிப் போடு, அதை அளந்து கணக்கில் சேர்க்காதே.

பீனிக்ஸ் தாத்தா:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கணும். இந்தப் பெட்டியை வீட்டில் வைத்தால் லோட் ஷெடிங் நேரத்தில் டிவி ஓடுமா? 2023-ல் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

உலைக்காரன்:
தாத்தா, அதற்கு இது சரிப்படாது. சூடேறவே மணிக்கணக்கில் ஆகும், அதுவும் அடிக்கடி ஏற்றி இறக்கினால் மேலே தங்கச்சிக்கு வந்த அதே வியாதி. பற்றவைத்தால் மாதக்கணக்கில் அணையாமல் ஓடணும், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை மாதிரி இடத்துக்கு நல்லது. உங்களுக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும்.

அப்பாவுக்கு இதைச் சொல் குருவி: பிளாட்டினம் வேண்டியிருப்பது 80 டிகிரியில் ஓடுகிற மின்கலத்துக்கு. 800-ல் சூடே பாதி வேலையைச் செய்துவிடுவதால் நிக்கல் போதும், கார்பன் மோனாக்சைடு அங்கே விஷம், இங்கே எரிபொருள். மண் என்கிறாரே, அந்த மண்ணும் நம்முடையதுதான், ரிச்சர்ட்ஸ் பே மணலில்தான் சிர்கோனியாவுக்கான சிர்கான் கனிமத்தை எடுக்கிறார்கள்.

சீரியா அக்கா:
எல்லாரும் உலையையே பார்க்கிறீர்கள். நான் முதலில் கேட்பது தராசை. குருவி, லாந்தனம் ஆக்சைடை நேராகப் பாட்டிலிலிருந்து எடுத்து எடைபோட்டாயா? டர்பன் காற்றில் அது உப்பு ஜாடி மாதிரி, ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாகிவிடும். முழுசாக மாறினால் எடையில் 14 விழுக்காடு வெறும் தண்ணீர். நீ லாந்தனம் என்று நினைத்துத் தண்ணீரை எடைபோட்டிருப்பாய், விகிதமே தப்பு. 900 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு ஆறினதும் உடனே நிறுக்கணும்.

இன்னொன்று. பெல்லட்டைப் பிடித்து அளக்கிற ஜிக்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் சூடான பக்கம் இருக்கிறதா? அதிலிருந்து குரோமியம் ஆவியாகி வந்து கேத்தோடில் படியும், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக. அலுமினா குழாய் போடு. உலகத்துக்கே குரோம் தோண்டிக் கொடுக்கிற நாட்டில் அந்தக் குரோமியத்துக்குப் பயந்து நான் இரண்டு வருஷம் ஓட்டினேன், சிரிப்புத்தான் வருகிறது.

கடலோரக் குருவி:
அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பாட்டிலில் திறந்த தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது, மூடியும் சரியாகத் திருகவில்லை. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே பாய்ச்சிப் பொடியில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) பெயர் தெரியாமல் இரண்டு சின்ன உச்சி இருந்ததை நான் கண்டுகொள்ளாமல் விட்டதும் இப்போது ஞாபகம் வருகிறது. குழாயும் ஸ்டீல்தான். திங்கட்கிழமை பொடியிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். அண்ணா, சீரியா அடுக்கை ஸ்கிரீன் பிரிண்டில் போடலாமா, இல்லை சுழற்றிப் பூசணுமா?

உலைக்காரன்:
ஸ்கிரீன் பிரிண்டே போடு, கொஞ்சம் ஓட்டை இருக்கும், பரவாயில்லை. முதலில் தராசு.