புதுக்கடைச் சாப்பாடு: எங்க தெரு குரூப், சனி ராத்திரி

மாடி வீட்டு ராத்தா: ரோட்டோரம் புதுசா தொறந்த கடையில இப்பதான் சாப்ட்டு வந்தோம், ஆறு பேரு. வஞ்சிரம் வறுவல், கணவாய் தொக்கு, நெய்ச்சோறு. ஒண்ணுகூட தேறல. அடுத்த ஞாயிறு வளைகாப்புக்கு 60 சாப்பாடு அங்கதான் சொல்றதா இருந்துச்சு. அட்வான்ஸ் குடுக்காதீங்க, மொதல்ல இதப் பாருங்க.

[போட்டோ]
[போட்டோ]

ஏலக்கடை அண்ணன்: பெருசாக்கிப் பாத்தேன் ராத்தா. அது வஞ்சிரமே இல்ல. வஞ்சிரத் துண்டு வெளுப்பா இருக்கும், தோலு வழுவழுன்னு இருக்கும். இதுல முள்ளச் சுத்தி அகலமா கருஞ்செவப்புச் சதை. சூரை.

கடைசி வீட்டுத் தம்பி: சூரையும் நல்ல மீன்தானேண்ணே?

ஏலக்கடை அண்ணன்: சூரைன்னு சொல்லி வித்தா நல்ல மீன்தான். கிழமையப் பாரு தம்பி. வடகடல்ல, அதான் பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகு திங்கள், புதன், சனிதான் போகுது. மறுநா காலையில கரைக்கு வரும். இன்னைக்கு சனி, அப்ப கடைசியா விசைப்படகு மீன் எறங்குனது வியாழன் காலையில. இன்னைக்கு ராத்திரி பச்சை மீன் வேணும்னா நாட்டுப்படகு மீன்தான் வாங்கணும், அது அளவாத்தான் வரும். மெனுவுல 14 மீன் அயிட்டம் போட்டா ஃப்ரீசர்லேர்ந்துதான் எடுக்கணும்.

மாடி வீட்டு ராத்தா: தொட்டதும் உதிர்ந்துபோச்சு. மசாலா தனியா, மீன் தனியா.

சமையல் மாமா: ஃப்ரீசர்ல மெதுவா ஒறையுற மீன்ல ஐஸ் பெருசு பெருசா கட்டி சதைய கிழிச்சிரும்மா. எளகும்போது தண்ணி விடும். அந்த ஈரத்துல மசாலா ஒட்டாது. அதுக்குத்தான் கார்ன்ஃப்ளார் கொட்டுறாங்க. போட்டோவுல மீன் மேல தெரியுற செவப்பு மொளகாச் செவப்பு இல்ல, கலர் பொடி. மீன் வறுவல்ல கலர் போட அனுமதியே கெடையாது. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மொளகா வத்தலுக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்திருக்கு. தோலு தடிப்பு, உறைப்பு மட்டு, நெறம் அள்ளித் தரும். அத வச்சுக்கிட்டு கலர் வாங்குறாங்கன்னா மனசு ஆறல.

சமையல் மாமா: ஒரு கிலோ மீனுக்கு முண்டு வத்தல் 30 கிராம். சுடுதண்ணியில 20 நிமிசம் ஊறப்போட்டு, மிளகு 5 கிராம், கொஞ்சம் சோம்பு, பூண்டு வச்சு கெட்டியா அரைங்க. உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். மீன்ல ஈரத்தத் துணியால ஒத்தி எடுத்துட்டுத்தான் பூசணும். அரை மணி நேரம் போதும். மாவே வேணாம்.

மாடி வீட்டு ராத்தா: கணவா ரப்பர் மாதிரி இழுக்குது மாமா. நெய்ச்சோறும் கொழைஞ்சுபோச்சு.

சமையல் மாமா: கணவாய்க்கு ரெண்டே வழிதான். பெருந்தீயில ரெண்டு மூணு நிமிசம், இல்லாட்டி மூடி போட்டு சிறுதீயில முக்கா மணி நேரம். நடுவுல நிறுத்துனா இறுகிப்போயிரும். இவங்க சட்டி நெறையப் போட்டிருக்காங்க. சூடு எறங்கி, கணவாய் தண்ணி விட்டு, அந்தத் தண்ணியிலயே கொதிச்சிருக்கு. தொக்க தனியா சுண்ட வச்சுட்டு, அரை அரைக் கிலோவா வதக்கி கடைசியில சேக்கணும். நெய்ச்சோறு கொழைஞ்சது, ஊறப்போட்ட சீரகச் சம்பாவுக்கும் ஊறாத அரிசிக்கு ஊத்துற தண்ணிய ஊத்துனதால.

மாடி வீட்டு ராத்தா: இன்னொண்ணு. சின்னவனுக்கும் இவங்களுக்கும் வாயச் சுத்தி செவந்து அரிக்குது. அரை மணி நேரமாச்சு.

நர்ஸ் மதினி: ராத்தா, மூச்சு வாங்குதா? நாக்கு, ஒதடு வீங்கிருக்கா? அப்படி எதாவது இருந்தா ஒடனே ஜிஎச் கூட்டிப் போங்க, காத்திருக்க வேணாம்.

மாடி வீட்டு ராத்தா: இல்ல மதினி. அரிப்பும் மொகம் சூடா இருக்குறதும்தான்.

நர்ஸ் மதினி: மீன் தின்ன ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்திருக்கு. ஒவ்வாமையவிட, ஐஸ் பத்தாம வச்ச மீன்ல உண்டாகுற ஹிஸ்டமின்ங்குற நச்சா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி எல்லாத்துலயும் வரும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது, வாடையிலயும் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாள்ல அடங்கிரும். சின்னவன இப்பவே டாக்டர்கிட்ட காட்டிருங்க, மருந்து அளவு அவுங்க சொல்லட்டும். மிச்ச மீன கொட்டாதீங்க, கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வைங்க. பில்லும் பத்திரம்.

கடைசி வீட்டுத் தம்பி: பில்லப் பாத்தேன் ராத்தா. சாப்பாடு 2,340. சர்வீஸ் சார்ஜ்னு 234 அவங்களே சேத்து, மொத்தத்துக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு 2,702.70. கேக்காம சர்வீஸ் சார்ஜ் சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலையிலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு. 1915க்கு போன் போட்டுப் புகார் குடுக்கலாம். உணவு உரிமத்தோட 14 இலக்க நம்பரும் பில்லுல இல்ல, அது கட்டாயம் இருக்கணும். காலையில நான் எழுதித் தர்றேன், உணவுப் பாதுகாப்பு அலுவலர்கிட்ட குடுப்போம்.

நர்ஸ் மதினி: வளைகாப்புச் சாப்பாட்ட நம்மளே செஞ்சிரலாம். மாமா, முடியுமா?

சமையல் மாமா: முடியும்மா. மீன் மட்டும் நல்லா வரணும்.

ஏலக்கடை அண்ணன்: சனிக்கிழமை போற படகு ஞாயித்துக்கெழம காலையில வந்துரும், நாள் தோதாத்தான் இருக்கு. 12 கிலோ வஞ்சிரம் எடுத்தா தலை, குடல் போக 9 கிலோ நிக்கும். 120 கிராம் துண்டா 75 வரும். மீனுக்குச் சமமா 12 கிலோ ஐஸ், நொறுக்கினது. பெட்டி ரெண்டு வேணும். யார்ட்ட இருக்கு?

கடைசி வீட்டுத் தம்பி: எங்க வீட்ல ஒண்ணு இருக்குண்ணே.

மாடி வீட்டு ராத்தா: எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. கழுவி வக்கிறேன். இப்ப சின்னவனக் கூட்டிட்டுக் கெளம்புறோம்.